நம் ஊர் ஸ்டுடியோ: அமெரிக்கத் தமிழ்ச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்கத் தமிழ்ச் சங்கங்களின் தலைவர்களுக்கும் செயற்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பொங்கல் விழா, சித்திரை விழா, கோடைக்காலப் பிக்னிக், தமிழ்ப் பள்ளி ஆண்டு விழா, இடையில் ஊரிலிருந்து வரும் விருந்தினருக்கு வரவேற்பு என்று ஒரு சங்கத்தின் ஆண்டு எப்படி ஓடும் என்பது எனக்குத் தெரியும். நாற்காலி அடுக்குவதிலிருந்து சாப்பாட்டு டோக்கன் கொடுப்பதுவரை நானும் செய்திருக்கிறேன். இவ்வளவுக்கும் நடுவே இன்னொரு வேலையைக் கொண்டுவந்து வைக்கிறேனே என்று சலித்துக்கொள்ளாதீர்கள். நம்மில் பலர் வாழும் ஊர்களில் பப்ளிக் ஆக்சஸ் தொலைக்காட்சி என்று ஒன்று இருக்கிறது. அந்த ஊரில் குடியிருக்கும் எவரும் உள்ளே போய் நிகழ்ச்சி தயாரித்து ஒளிபரப்பலாம். நான் அறிந்தவரை நம் சங்கங்கள் அந்தப் பக்கம் அதிகம் போவதில்லை. அந்த சேனல்களுக்கு வரும் பணமோ ஆண்டுக்காண்டு வற்றிக்கொண்டிருக்கிறது. அவை மூடப்படுவதற்குள் நாம் உள்ளே போக வேண்டும். மூடாமல் பார்த்துக்கொள்ளும் வேலையிலும் நாம் சேர வேண்டும்.

ஏன் என்று சொல்வதற்கு எனக்குத் தெரிந்த நல்ல வழி, டீடீ ஹாலெக் என்ற பெண்மணியைப் பற்றிச் சொல்வதுதான்.

1960களின் தொடக்கத்தில், நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடில், ஏழைக் குடும்பங்கள் நிறைந்த பகுதியில், குழந்தைகளுக்குப் படமெடுக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர். பிறகு ஆவணப்பட இயக்குநர் ஆனார், கலிபோர்னியாவில் சான் டியேகோ பல்கலைக்கழக வளாகத்தில் பேராசிரியராக இருந்தார். தனித்து இயங்கும் படத் தயாரிப்பாளர்களின் சங்கத்துக்குத் தலைமை தாங்கினார். போரை எதிர்த்தார். வெளிப்படையான இடதுசாரி. இதையெல்லாம் கோத்துப் பார்த்தால் ஒரே பிடிவாதம்தான் தெரியும்: தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கும் சனங்கள், அதைச் செய்கிறவர்களாகவும் ஆக வேண்டும்.

1981ல் அவரும் நண்பர்களும் சேர்ந்து மன்ஹாட்டனின் பொது சேனலில் 'பேப்பர் டைகர் டெலிவிஷன்' என்ற நிகழ்ச்சியைத் தொடங்கினார்கள். முதலில் கேமரா முன் வந்தவர் ஹெர்பர்ட் ஷில்லர், ஊடக நிறுவனங்களின் பொருளாதாரத்தை ஆராய்ந்த பேராசிரியர். அவர் செய்தது மிக எளிய காரியம். நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு, அதன் செய்திகளையும் அவற்றுக்குப் பின்னால் நிற்கும் பணத்தையும் அதிகாரத்தையும் பார்வையாளர்களுக்கு வாசித்துக் காட்டினார். அடுத்தடுத்த வாரங்களில் ஒருவர் ஃபேஷன் பத்திரிகையை வாசித்தார், இன்னொருவர் வேறொரு பத்திரிகையை. பின்னால் தொங்கியது கையால் வண்ணம் தீட்டிய துணி. கேமராவைப் பிடித்திருப்பவர்களும் மைக்கைத் தூக்கி நிற்பவர்களும் காட்சிக்குள் வந்துவிட்டால் மறைக்க மாட்டார்கள். நிகழ்ச்சி முடியும்போது என்னென்ன செலவானது என்ற கணக்கைத் திரையிலேயே காட்டுவார்கள். அந்தத் தொகை பெரும்பாலும் சில நூறு டாலருக்குள் அடங்கிவிடும்.

அந்தக் கணக்கை ஏன் காட்டினார்கள் என்று நான் பலமுறை யோசித்ததுண்டு. பார்க்கிற ஆளுக்கு 'அட, இதை நானும் செய்யலாமே' என்று தோன்ற வேண்டும் என்பதுதான் நோக்கம். நம் மேடைகளில் எல்.இ.டி. திரைக்கு வாடகை கொடுக்கும் நமக்கு இந்தக் கணக்கு நல்ல பாடம்.

அடுத்த ஐந்தாவது ஆண்டு அவர்கள் அதைவிடப் பெரிய காரியத்தில் இறங்கினார்கள். நாடு முழுவதும் சிறு ஊர்களின் பொது சேனல்களில் யார் யாரோ எடுத்துப்போட்ட காட்சிகளைத் திரட்டி, வீடு, வேலை, விவசாயம் என்று பொருள்வாரியாகத் தொகுத்து, செயற்கைக்கோளில் நேரத்தை வாடகைக்குப் பிடித்து, மற்ற ஊர்களின் பொது சேனல்களுக்கு அனுப்பினார்கள். அதுதான் 1986ல் வந்த 'டீப் டிஷ் டிவி'. பெரிய தொலைக்காட்சி வலைப்பின்னல்கள் மட்டுமே செயற்கைக்கோளைப் பயன்படுத்தும் என்றிருந்த காலம் அது. 1990-91ல் வளைகுடாப் போருக்கு நாடு தயாரானபோது, முதன்மைத் தொலைக்காட்சிகளில் ஓய்வுபெற்ற தளபதிகள் வரைபடம் வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். போர் வேண்டாம் என்றவர்களின் குரலை இதே குழுவினர்தான் தொகுத்து ஊர் ஊராக ஒளிபரப்பினார்கள்.

இப்படி ஒரு சேனல் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். அது யாரும் தானமாகக் கொடுத்தது அல்ல. கேபிள் நிறுவனம் தன் கம்பியை இழுக்க ஊரின் தெருவைத் தோண்ட வேண்டும், ஊரின் கம்பங்களில் தொங்கவிட வேண்டும். தெரு ஊருக்குச் சொந்தம். ஆகவே ஊர் வாடகை கேட்கலாம், நிபந்தனை போடலாம். 1970ல் நியூயார்க் நகரம் மன்ஹாட்டனில் இரண்டு கேபிள் நிறுவனங்களுக்கு உரிமம் கொடுத்தபோது, பொதுமக்களுக்குச் சேனல் ஒதுக்க வேண்டும் என்றது. 1971 ஜூலையில் அவை ஒளிபரப்பாகத் தொடங்கின. ஆனால் சேனலைத் திறந்துவைத்தால் மட்டும் ஆள் வந்துவிடுவார்களா? ஜார்ஜ் ஸ்டோனி என்ற ஆவணப்படக்காரரும் ரெட் பர்ன்ஸ் என்ற பெண்மணியும் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஒரு மையம் தொடங்கி, அப்போது புதிதாக வந்திருந்த, தோளில் மாட்டிக்கொள்ளும் சோனி வீடியோ கருவியை ஊர்க்காரர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பப்ளிக் ஆக்சஸின் தந்தை என்று ஸ்டோனியை இன்றும் சொல்கிறார்கள். அவருக்கு அந்த யோசனை கனடாவிலிருந்து வந்தது. அங்கே மீனவக் கிராமங்களில் மக்களின் பேச்சைப் படம்பிடித்து அதை அதிகாரிகளுக்கே போட்டுக்காட்டும் அரசுத் திட்டம் ஒன்று நடந்தது, அதில் அவர் வேலை செய்திருந்தார்.

1972ல் மத்தியத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி., நாட்டின் முதல் நூறு பெரிய தொலைக்காட்சிச் சந்தைகளில் கேபிள் நிறுவனங்கள் இத்தகைய சேனல்களை ஒதுக்க வேண்டும் என்று விதித்தது. ஆணையத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று 1979ல் உச்ச நீதிமன்றம் அத்தகைய விதிகளைத் தள்ளிவிட்டது. 1984ல் நாடாளுமன்றம் கேபிள் சட்டத்தைக் கொண்டுவந்து, ஊர்களுக்கே அந்த உரிமையைக் கொடுத்தது. பொதுமக்களுக்கு, பள்ளிகளுக்கு, உள்ளாட்சிக்கு என்று சேனல் கேட்கலாம். கேபிள் வருமானத்தில் 5 சதவீதம்வரை கட்டணம் வாங்கலாம். நிகழ்ச்சியில் யார் என்ன பேசுகிறார்கள் என்பதில் கேபிள் நிறுவனம் தலையிடக் கூடாது. உங்கள் வீட்டு கேபிள் பில்லை எடுத்துப் பாருங்கள், 'ஃப்ராஞ்சைஸ் ஃபீ' (உரிமக் கட்டணம்) என்று ஒரு தொகை இருக்கும். அதைக் கட்டிக்கொண்டே இருக்கிறோம், அதற்கு ஈடாகக் கிடைப்பதை வாங்கிக்கொள்ளவில்லை.

இனி ஹாலெக்கின் கதையில் எனக்கு மிக முக்கியமாகப் படும் பகுதிக்கு வருகிறேன்.

மன்ஹாட்டனின் பொது சேனல்களை நடத்த, நகரம் ஒரு லாபநோக்கற்ற நிறுவனத்தை நியமித்திருந்தது. பெயர் மன்ஹாட்டன் நெய்பர்ஹுட் நெட்வொர்க். போர்ட்டோ ரிக்கோ மக்கள் நிறைந்த ஈஸ்ட் ஹார்லெம் பகுதியில், 104வது தெருவில், பழைய தீயணைப்பு நிலையம் ஒன்றைப் புதுப்பித்து 2012ல் அது ஒரு புதிய ஸ்டுடியோவைத் திறந்தது. திறப்பு விழாவுக்கு அழைப்பு உள்ளவர்களுக்கு மட்டுமே அனுமதி. அந்தப் பகுதியின் கவிஞர் ஹெசூஸ் பாப்போலெட்டோ மெலெண்டஸும் ஹாலெக்கும் வாசலில் நின்று, உள்ளே போகிறவர்களையும் வருகிறவர்களையும் பிடித்துப் பேசி ஒரு படம் எடுத்தார்கள். இந்த நிறுவனம் ஈஸ்ட் ஹார்லெமின் மக்களைக் கவனிக்கவில்லை என்பதுதான் அதன் சாரம். எடுத்ததை எங்கே கொண்டுபோய்க் கொடுத்தார்கள் தெரியுமா? அதே நிறுவனத்தின் சேனலுக்கு. அதுவும் ஒளிபரப்பானது. பிறகு புகார்கள் வந்தன. ஹாலெக்கைக் கொஞ்ச காலத்துக்கு நிறுத்திவைத்தார்கள். அதைத் தொடர்ந்து ஊழியர்களோடு இன்னொரு தகராறு வந்தது. கடைசியில் இரண்டு பேருக்குமே அந்த நிறுவனத்தின் சேனல், ஸ்டுடியோ எல்லாவற்றிலும் தடை.

வழக்குப் போட்டார்கள். இந்தச் சேனல் பொதுமக்களின் பேச்சுக்கென்று அரசு ஒதுக்கிய இடம், அதில் கருத்தைப் பார்த்து ஆளை வெளியேற்றுவது, பேச்சுரிமையை அரசு பறிக்கக் கூடாது என்னும் அரசியல் சாசனத்தின் முதல் திருத்தத்துக்கு விரோதம் என்பது அவர்கள் வாதம். கீழ் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது, மேல்முறையீட்டில் வென்றார்கள், உச்ச நீதிமன்றத்தில் 2019 ஜூன் 17 அன்று 5-4 என்று தோற்றார்கள். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி கவனா. மற்றவர்கள் பேச இடம் கொடுப்பது அரசு மட்டுமே செய்துவந்த வேலை அல்ல, மளிகைக் கடைக்காரர் அறிவிப்புப் பலகை வைக்கிறார், நகைச்சுவை மன்றம் யார் வேண்டுமானாலும் ஏறலாம் என்று மேடை போடுகிறது, அதனால் அவர்கள் அரசாகிவிட மாட்டார்கள் என்பது அவர் சொன்ன காரணம். சேனலை நடத்துவது தனியார் அமைப்பு, எனவே முதல் திருத்தம் அதைக் கட்டுப்படுத்தாது. நீதிபதி சோட்டோமயோர் மறுத்து எழுதினார். நகரம் தனக்குரிய பொதுவெளியை ஒரு நிறுவனத்தின் கையில் கொடுத்து நடத்தச் சொல்லியிருக்கிறது, அப்படியானால் நகரத்துக்கு உள்ள கடமை அந்த நிறுவனத்துக்கும் உண்டு என்பது அவர் பக்கம். நான் சோட்டோமயோர் பக்கம். தெரு ஊருடையது, நிபந்தனை ஊருடையது, கட்டணமும் ஊர் சொல்லி வந்தது. இதில் மளிகைக் கடைக்காரர் எங்கே வந்தார்?

அந்தத் தீர்ப்பின் நிழல் நீளமானது. யூடியூப் எங்கள் வீடியோக்களை ஒடுக்குகிறது என்று ஒரு வலதுசாரி அமைப்பு தொடுத்த வழக்கில், தனியார் தளத்தை முதல் திருத்தம் கட்டுப்படுத்தாது என்று 2020ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னபோது, ஹாலெக்கின் பெயர் தாங்கிய இந்தத் தீர்ப்பைத்தான் எடுத்துக்காட்டியது. வாழ்நாள் முழுவதும் பொதுமக்களுக்குத் திரையைத் திறந்துவிடப் பாடுபட்டவரின் பெயர், திரையை மூட உரிமை உண்டு என்று சொல்லும் தீர்ப்பில் நிலைத்துவிட்டதே என்று எனக்கு வருத்தம்தான்.

ஆனாலும் அந்தப் படத்தை எடுத்த மனநிலையைப் பாருங்கள். இந்தச் சேனல்கள் வேண்டும் என்று போராடியவர்களில் ஒருவர் அவர். சேனல் கிடைத்துவிட்டது, புதிய கட்டடமும் வந்துவிட்டது, மாலை வாங்கிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கலாம். அவர் வாசலில் நின்று, உள்ளே யார் இல்லை என்று கேட்டார். பொதுச்சொத்தை ஒருமுறை வாங்கி வைத்துவிட்டால் போதாது, அது பொதுவாகத்தான் நடக்கிறதா என்று சண்டை போட்டுக்கொண்டே இருக்க ஆள் வேண்டும். அப்படிப்பட்ட ஆட்கள் உள்ள ஊரில்தான் இந்தச் சேனல்கள் உயிரோடு இருக்கின்றன. என் மடலின் முழுப் பொருளும் இதுதான்.

சரி, நம் கதைக்கு வருவோம். நான் இருக்கும் பாஸ்டன் புறநகர்ப் பகுதியில் அநேகமாக ஒவ்வொரு ஊருக்கும் இப்படி ஒரு மையம் இருக்கிறது. எங்கள் ஊர் ஸ்டுடியோவில் பயிற்சி எடுத்துக்கொண்டு அங்கே தன்னார்வலராகப் போய்வருகிறேன். சேர்வது எளிது: குடியிருப்புச் சான்று, ஒரு அறிமுக வகுப்பு, பிறகு கேமரா, ஒலி, எடிட்டிங் என்று தனித்தனி வகுப்புகள். அதற்குப் பிறகு நூலகத்தில் புத்தகம் எடுப்பது போலக் கேமராவைக் கையெழுத்துப் போட்டு வீட்டுக்கு எடுத்துப்போகலாம். நிகழ்ச்சிக்கு நான் பொறுப்பு என்று ஒரு படிவம், விளம்பரம் கூடாது என்று ஒரு விதி. அவ்வளவுதான் தடை.

உள்ளே நடப்பதைச் சொல்கிறேன். மூன்று கேமரா, ஒரு கண்ணாடித் தடுப்பு, அதற்குப் பின்னால் கட்டுப்பாட்டு அறை. எந்தக் கேமராவின் காட்சி போக வேண்டும் என்று மாற்றும் ஸ்விட்சரில் உட்கார்ந்திருப்பவர் தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். 'ரெடி டூ… டேக் டூ' என்று ஹெட்செட்டில் அவர் சொன்னதும் இரண்டாம் கேமராவின் தலையில் சிவப்பு விளக்கு எரியும். கேமரா மூன்றில் பள்ளி மாணவி ஒருத்தி, ஒலிப்பலகையில் ஒரு மளிகைக் கடை ஊழியர். தமிழில் ஒரு நிகழ்ச்சி செய்தபோது, பேசுகிறவரின் பெயரைத் திரைக்குக் கீழே போடும் கருவியில் தமிழ் எழுத்து உடைந்துபோயிற்று. 'பொ' என்று அடித்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவே புள்ளிகளால் ஆன ஒரு வட்டம். அந்தத் தபால்காரர் எழுந்து வந்து பார்த்தார். 'எப்படி வர வேண்டும், எழுதிக் காட்டு' என்றார். காகிதத்தில் எழுதிக் காட்டினேன். வீட்டில் கணினியில் சரியாக அடித்துப் படமாகச் சேமித்துக் கொண்டுவரச் சொன்னார், அதை ஏற்றிக்கொண்டோம். அடுத்த வாரம் வந்த சீன மொழி நிகழ்ச்சிக்காரர்களுக்கு அவரே அந்த வழியைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். நம் பக்கத்து ஊர்க்காரர்களோடு இப்படித் தோளோடு தோள் நின்று வேலை செய்யும் இடம் நமக்கு வேறெங்கே இருக்கிறது? அலுவலகம், கோயில், நம்மவர் வீட்டு விருந்து, இவற்றுக்கு வெளியே நாம் யாரோடு பழகுகிறோம்?

சங்கங்களில் இதைப் பேசும்போது வரும் முதல் கேள்வி, 'யார் பார்ப்பார்கள்? யூடியூபில் போட்டால் உலகமே பார்க்குமே' என்பதுதான். யூடியூபிலும் போடுங்கள், யார் தடுத்தார்கள்? ஆனால் யூடியூபில் நம் வீடியோவை நாமேதான் பார்க்கிறோம். நகர மன்றக் கூட்டத்தையும் பள்ளிக்கூடக் கால்பந்தையும் போடும் சேனலில் வரும்போது, நம் பக்கத்து வீட்டுக்காரர் பார்க்கிறார். டெக்சாஸின் ஆஸ்டினில் ஃபிராங்க் மாரோ என்பவரும் தத்துவப் பேராசிரியர் டக்ளஸ் கெல்னரும் 1978 அக்டோபரில் 'ஆல்டர்நேட்டிவ் வியூஸ்' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். முதல் நிகழ்ச்சியில் ஓர் ஈரானிய மாணவர் உட்கார்ந்து, ஈரான் மன்னர் ஷாவின் ஆட்சி கவிழக்கூடும் என்று பேசினார். சில மாதங்களில் கவிழ்ந்தது. நாட்டின் பெரிய தொலைக்காட்சிகளுக்கு அகப்படாத அந்த மாணவர், ஆஸ்டினின் பொது சேனல்காரர்களுக்கு அகப்பட்டார். காரணம், அவர் அதே ஊரில் இருந்தார். அங்கே டெக்சாஸின் முன்னாள் செனட்டர் ரால்ஃப் யார்பரோவையும் நீண்ட நேரம் உட்காரவைத்துப் பேசவைத்தார்கள், பதவியிலிருந்து விலகிய சி.ஐ.ஏ. அதிகாரி ஜான் ஸ்டாக்வெல்லையும் பேசவைத்தார்கள். அந்த நிகழ்ச்சி 1990களின் பிற்பகுதிவரை நடந்தது. நம் ஊர்களிலும் அந்த மாணவரைப் போன்றவர்கள் இருக்கிறார்கள். ஈழத்திலிருந்து வந்து டாக்ஸி ஓட்டுகிறவர், பன்னிரண்டு ஆண்டாகப் பச்சை அட்டைக்குக் காத்திருக்கும் பொறியாளர், அமெரிக்க மருத்துவமனையில் இரவுப் பணி செய்யும் செவிலியர். இவர்களை உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேசவிட்டோமா?

இரண்டாவது தயக்கம் விசா. அரசியல் பேசினால் நாளைக்கு ஏதாவது வந்துவிடுமோ என்ற பயம். இந்தக் காலத்தில் அந்தப் பயத்தை நான் லேசாக நினைக்கவில்லை. அதனால்தான் குடியுரிமை வாங்கியவர்கள், இங்கேயே பிறந்த பிள்ளைகள், முன்வரிசைக்கு வர வேண்டும் என்கிறேன். விசாவில் இருப்பவர்கள் கேமராவுக்குப் பின்னால் நிற்கட்டும், சமையல் நிகழ்ச்சி செய்யட்டும், தமிழ்ப் பாடம் எடுக்கட்டும். எல்லாரும் ஹாலெக்காக இருக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, கண்டவர்களும் பேசும் இடமாயிற்றே என்பது. உண்மைதான். மன்ஹாட்டனில் நடுராத்திரியில் ஆபாச நிகழ்ச்சிகள் ஓடின. கான்சாஸ் சிட்டியில் கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை நிறவெறி அமைப்பு தன் நிகழ்ச்சியைப் போடக் கேட்டது. அதைத் தடுக்க நகர மன்றம் 1988ல் அந்தச் சேனலையே ஒழித்துவிட்டது. வழக்கு வந்தது, அடுத்த ஆண்டே சேனலைத் திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று. நிறவெறியர்கள் பேசுவது எனக்கு உவப்பானதல்ல, நம்மைப் போன்ற நிறமுள்ளவர்களுக்கு அது வெறும் கருத்து அல்ல, அச்சுறுத்தல். ஆனால் அவர்களை அடைக்கப் போட்ட பூட்டு ஊரிலுள்ள மற்ற எல்லாருடைய வாயையும் சேர்த்து அடைத்ததே, அதையும் பார்க்க வேண்டும். அவர்கள் பேசும் சேனலில் நாம் இன்னும் அதிகமாகப் பேசுவதுதான் வழி என்று நினைக்கிறேன்.

இதோடு ஒட்டி, நம் வீட்டுக்குள் இருக்கும் ஒரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். 2023 பிப்ரவரி 21 அன்று சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தது. அமெரிக்காவில் அப்படிச் செய்த முதல் நகரம். வாக்கு 6-1. தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் க்ஷமா சாவந்த். புனேயில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்த சோசலிஸ்ட். அந்த விவாதத்தை நகரத்தின் சொந்தத் தொலைக்காட்சியான சியாட்டில் சேனலில் ஊரே பார்க்க முடிந்தது. இதே கேபிள் சட்டம் உள்ளாட்சிகளுக்கு வாங்கிக்கொடுத்த வகைச் சேனல் அது. ஆதரித்தும் எதிர்த்தும் நம்மவர்கள் வரிசையில் நின்று மைக்கில் பேசினார்கள். சாவந்தின் அரசியல் உங்களில் பலருக்குப் பிடிக்காது என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கூட்டத்தில் வெளிப்படையாகப் பேசப்பட்டது நம் சங்க மேடைகளில் பேசப்பட்டதா? நான் பார்த்த மேடைகளில் இல்லை. 'விழாவில் இதெல்லாம் எதற்கு' என்று சொல்லித் தள்ளிவைத்ததைத்தான் பார்த்திருக்கிறேன். நம் சங்கம் பொது சேனலில் ஒரு தமிழ் நிகழ்ச்சி தொடங்கினால், அதில் செயற்குழுவோடு கருத்து வேறுபட்டவர்களுக்கும் இடம் இருக்க வேண்டும். சங்கத்தின் கணக்கைக் கேள்வி கேட்கிறவருக்கும், தேர்தலில் தோற்றவருக்கும், சாதியைப் பற்றிப் பேச வேண்டும் என்கிற இளைஞருக்கும். வாசலில் நின்று நம்மையே படமெடுக்கும் ஒருவரை நாம் தாங்கிக்கொள்வோமா என்பதை முதலில் நாம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பணத்தைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் அவசரம் அங்கேதான் இருக்கிறது. கட்டணம் கேபிள் வருமானத்தின் மீது. மக்களோ கேபிளைத் துண்டித்துவிட்டு நெட்ஃப்ளிக்ஸுக்கும் மற்ற ஸ்ட்ரீமிங்குகளுக்கும் போய்விட்டார்கள். அவற்றுக்குப் பெரும்பாலான இடங்களில் இந்தக் கட்டணம் கிடையாது, அவற்றின் படங்கள் நம் வீட்டுக்கு வருவது அதே தெருவுக்கடியில் போகும் கம்பி வழியாகத்தான் என்றாலும். 2005ல் டெக்சாஸும் அடுத்த ஆண்டு கலிபோர்னியாவும் உரிமம் கொடுக்கும் அதிகாரத்தை ஊர்களிடமிருந்து மாநிலத்துக்கு மாற்றின. அதற்குப் பிறகு 2009 தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலஸின் பொது ஸ்டுடியோக்கள் மூடப்பட்டன, நாட்டின் திரைத்துறைத் தலைநகரில்! 2019ல் எஃப்.சி.சி. இன்னொரு அடி கொடுத்தது: ஊரின் பொதுக் கட்டடங்களுக்கு இலவசக் கேபிள் இணைப்பு கொடுப்பது போன்ற, பணமாக அல்லாமல் செய்யும் உதவிகளுக்கு விலை போட்டு, 5 சதவீதக் கட்டணத்திலிருந்து அதைக் கழித்துக்கொள்ள கேபிள் நிறுவனங்களை அனுமதித்தது. ஊர்கள் வழக்காடின. சந்தை விலையைக் கழிக்கக் கூடாது, நிறுவனத்துக்கு உண்மையில் ஆகும் கூடுதல் செலவை மட்டுமே கழிக்கலாம் என்று 2021ல் ஆறாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்ன பிறகு கொஞ்சம் மூச்சு வந்தது. எங்கள் மசாசூசெட்ஸில் ஸ்ட்ரீமிங் நிறுவனங்களிடமும் கட்டணம் வாங்கி உள்ளூர் சேனல்களுக்குக் கொடுக்கச் சொல்லும் மசோதா பல சட்டமன்ற அமர்வுகளாக வைக்கப்பட்டு வருகிறது. அதன் விசாரணைகளில் நம் முகங்கள் இருந்தால் நன்றாக இருக்கும்.

இன்னும் ஊர்களே உரிமம் கொடுக்கும் மாநிலங்களில் உங்களுக்கு ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. கேபிள் உரிமம் ஒரு குறிப்பிட்ட ஆண்டில் முடியும். முடிவதற்கு மூன்று ஆண்டுகள் இருக்கும்போதே புதுப்பிக்கும் வேலையைத் தொடங்க மத்தியச் சட்டம் வழி வைத்திருக்கிறது. அப்போது இந்த ஊர் மக்களுக்கு என்ன தேவை என்று ஊர் கேட்க வேண்டும். பொது விசாரணை வைப்பார்கள். நான் போயிருந்த ஒரு விசாரணையில் கேபிள் நிறுவனத்தின் வழக்கறிஞர்கள் ஒரு பக்கம் முழுக்க உட்கார்ந்திருந்தார்கள், ஊர்க்காரர்கள் கைவிரலில் எண்ணக்கூடிய அளவுதான். ஆளுக்கு மூன்று நிமிடம் பேசலாம் என்றார்கள். வயதான ஒரு அம்மா எழுந்து, நடக்க முடியாத தனக்குத் தேவாலயத்தின் ஞாயிறு ஆராதனையைக் காட்டுவது இந்தச் சேனல்தான் என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அதைக் குழுவினர் எழுதிக்கொண்டார்கள். நம் தமிழ்ப் பள்ளியிலிருந்து பத்துப் பெற்றோர் போய், எங்கள் மொழியில் நிகழ்ச்சி செய்ய ஸ்டுடியோ வேண்டும், தமிழ் எழுத்து உடையாத கருவி வேண்டும் என்று சொன்னால் அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

ஆகவே என் வேண்டுகோள். உங்கள் ஊர்ப் பொது சேனலை நடத்துவது யார், அதன் நிர்வாகக் குழுவுக்குத் தேர்தல் உண்டா, கேபிள் உரிமம் எந்த ஆண்டு முடிகிறது என்று நகர அலுவலகத்தில் கேளுங்கள். இவை பொது ஆவணங்கள், கேட்டால் கொடுப்பார்கள். அடுத்த செயற்குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதற்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். விழா வரவு செலவிலிருந்து சிறு தொகையை எடுத்து, நான்கைந்து இளைஞர்களையும் ஓய்வுபெற்ற பெற்றோர் சிலரையும் பயிற்சி வகுப்பில் சேருங்கள். ஊரிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க வந்து ஆறு மாதம் வீட்டுக்குள் அடைந்துகிடக்கும் அப்பா அம்மாக்களிடம் ஆயிரம் கதை இருக்கிறது, அவர்களையே முதல் நிகழ்ச்சிக்கு அழையுங்கள். நிகழ்ச்சி முடியும்போது என்ன செலவாயிற்று என்று திரையில் போடுங்கள்.

பாஸ்டன் பக்கம் எந்தச் சங்கமாவது தொடங்குவதாக இருந்தால், கேமரா பிடிக்கவும் கேபிள் சுற்றவும் நான் வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் சங்கங்களில் ஒன்றின் உறுப்பினர்